வெறுந்தட்டு

எங்கள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேராக 'ரெங்கசாமி சார்'. முதுகுக்குப் பின்னால் 'வெறுந்தட்டு'. இரண்டாவது பெயரை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் வேலை பழகிய அந்தப் பிள்ளை லதாவிடம் நான் கோபம் காட்டியதில்லை. வைத்த பெயர் பொருத்தமாக இருக்கும்போது கோபித்துக்கொண்டால் ஊரே சிரிக்கும்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். வயது ஐம்பத்தைந்து. மாலை போட்டார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரம் பார்த்து இவன் என்ன செய்வான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நெய்ச்சோறு போட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க லா. தட்டுல ஊத்துற கடற்பாசிப் பொடி இப்ப டப்பாவுல வருது. கரைச்சா கண்ணாடி மாதிரி இருக்கு. தட்டு பிளாஸ்டிக், அவனே சுத்தம் பண்ணி அனுப்புறான். அப்புறம் எதுக்கு சார் தெனமும் ஒரு தட்டு சும்மா ஊத்தி வைக்கணும்? வேஸ்ட் தானே?"

"ஜப்பான்காரன் காலத்துல ஒரு தட்டை மிச்சம் பிடிச்சேன்மா. அதான்."

"என்ன கதை சார்? சொல்லுங்க."

"வாயில சோறு இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். சிரிக்கவைக்கிறவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இப்போது வீட்டுச் சுவரில் அந்தக் கடிகாரம் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வழி தெரியாததால் எழுதுகிறேன்.

நான் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால்வெட்டுக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ் படித்துத் தொலைத்ததால், லூனாஸ் போகும் சாலையில் பல தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த மருத்துவமனையில் புட்டி கழுவச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் லட்சக்கணக்கில் கிருமி இருக்கலாம் என்று முதல் நாளே காதில் விழுந்தது. அன்றோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மறுநாள் மத்தியானம் மயங்கி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

இதுதான் என் வீரத்தின் அளவு. பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் டிரஸ்ஸர் குமாரவேலு ஐயா. தோட்டங்களில் ஊசி போட்டுக் காயம் கட்டும் மற்ற டிரஸ்ஸர்கள் மாதிரி அவர் சத்தம் போட்டுப் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். நாம் தப்பாக ஒன்று செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் மெதுவாகத் துடைப்பார். அவ்வளவுதான். அவர் துடைத்து முடிப்பதற்குள் நமக்கு நம் தப்பு தெரிந்துவிடும். என்னோடு இருந்த காலத்தில் அவருடைய கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கிணற்றுத் தண்ணீரெல்லாம் எங்களிடம்தான் வரும். அவர் வேலை செய்யும் முறை இது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு மில்லி எடுத்து, கொதிக்கவைத்து ஆற்றிய சுத்தத் தண்ணீர் தொண்ணூற்றொன்பது மில்லி இருக்கும் புட்டியில் விட வேண்டும். மூடி, இருபத்தைந்து தடவை ஆட்ட வேண்டும். இருபத்து நான்கில் நிறுத்தினால் கண்ணாடி கழன்றுவிடும். இப்போது அது நூறில் ஒரு பங்கு. பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயை மாற்றி, அதிலிருந்து ஒரு மில்லியை அடுத்த தொண்ணூற்றொன்பதில் விட்டு மறுபடியும் ஆட்டினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கிணற்றுத் தண்ணீர் அப்படியே ஒரு மில்லி முதல் தட்டுக்கு. நூறில் ஒன்று இரண்டாவது தட்டுக்கு. பத்தாயிரத்தில் ஒன்று மூன்றாவதுக்கு. கிருமிக்குத் தீனியாக இறைச்சிச் சாறு சேர்த்துக் காய்ச்சிய, ஆறினால் உறைந்துவிடும் கடற்பாசியைக் குடுவையோடு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சுடக்கூடாது, கதகதப்பாக இருக்க வேண்டும். சுட்டால் கிருமி செத்துவிடும். அந்தப் பதத்தில் தட்டுகளில் ஊற்றி, மேசைமேல் வைத்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி, உறையவிட்டு, கவிழ்த்து, சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள். உயிரோடு இருந்த ஒவ்வொரு கிருமியும் இருந்த இடத்திலேயே பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். தட்டின் பின்பக்கம் பேனா முனையால் ஒவ்வொரு புள்ளிக்கும் மை வைத்து எண்ணுவார். முப்பதுக்குக் குறைந்தால் அந்தத் தட்டை நம்பமாட்டார். முன்னூறைத் தாண்டினால் எண்ணமாட்டார். இடைப்பட்ட தட்டை எண்ணி, எத்தனை மடங்கு கரைத்தாரோ அத்தனையால் பெருக்குவார்.

"மைக்ராஸ்கோப்புல செத்ததும் தெரியும், உயிரோட இருக்கிறதும் தெரியும். தட்டுல முளைக்கிறது மட்டும்தான் உயிரோட இருந்தது" என்பார். "செத்ததை எண்ண நமக்குச் சம்பளம் இல்ல."

ஒருநாள் கேட்டேன்: "எதுக்குங்க ஐயா இவ்ளோ கரைக்கணும்? அப்படியே ஊத்தி அப்படியே எண்ணிட்டா என்னங்க?"

"காலையில பெரட்டுக்களத்துல ஆளுங்களை வரிசையா நிக்கவச்சி, கணக்கு எழுதுற கிராணி எண்றான். அதே ஆளுங்க மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துல நெருக்கிக்கிட்டு நின்னா எண்ணுவானா?"

"மாட்டாருங்க."

"ஏன்?"

"அவரும் திருவிழா பாத்துக்கிட்டு நிப்பாருங்க."

கண்ணாடி கழன்றது. துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "கூட்டம் ரொம்ப நெருங்கிட்டா ஆள் தெரியாதுடா. தரைன்னு நெனச்சிடுவ."

மூன்று தட்டு ஊற்றியபின் நான்காவதாக ஒரு தட்டு ஊற்றுவார். அதில் தண்ணீர் விடமாட்டார். வெறும் கடற்பாசி மட்டும். அதையும் மற்றவற்றோடு பெட்டியில் வைத்து, இரண்டு நாள் கழித்து அதைத்தான் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"இதுல என்னங்க ஐயா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எதுக்குப் பாக்கணும்?"

"ஒண்ணுமில்லன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும் ஐயா."

அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் ஒரு குளம் வெட்டியிருக்கலாம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். எங்கள் வெள்ளைக்கார டாக்டர் எல்லாவற்றையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன்னை மட்டும் தானே பத்திரமாகப் பார்த்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்குதான் வந்தது. சுற்றிலும் ரப்பர் மரம். சைக்கிளுக்கு டயர் கிடையாது. வீரர்களைக் கண்டால் இடுப்பு மடியக் குனிய வேண்டும். குனிவு போதாவிட்டால் கன்னத்தில் அறை விழும். நான் ஒரு அறை வாங்கியபின் எதிரில் வந்த எல்லாவற்றுக்கும் குனிந்தேன். ஒருமுறை ராணுவக் குதிரைக்கும் குனிந்தேன். குதிரை பெருந்தன்மையாகப் போய்விட்டது.

பரிசோதனை அறையில் சாமான் தீர்ந்தது. நல்ல கடற்பாசி போய், சீனன் கடையில் பலகாரத்துக்கு விற்கும் கடற்பாசி வந்தது. இறைச்சிச் சாறு போய், நெத்திலிக் கருவாட்டுச் சாறு வந்தது. வடிகட்டப் பஞ்சு இல்லை. காய்ச்சி ஊற்றினால் தட்டு கலங்கலாக, அடியில் கருவாட்டுத் தூளோடு கிடக்கும். உடைந்தது போக நான்கு கண்ணாடித் தட்டுகள் மிஞ்சின.

அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். வேலைக்குப் போன ஆட்கள் நோயில் விழுகிறார்கள், டிரஸ்ஸர் வேண்டும் என்று ஒருநாள் குமாரவேலு ஐயாவையும் லாரியில் ஏற்றினார்கள். அறைச் சாவியையும் எண்ணும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். கண்ணீர் விடவேண்டிய நேரம். அவர் சொன்னது: "தட்டு நாலுதான் இருக்கு. பாத்து."

அப்படித்தான் இருபத்திரண்டு வயதில் நான் பரிசோதனை அறைக்கு அதிகாரியானேன். கண்ணாடி துடைக்க ஆளில்லாத அதிகாரி.

சில மாதம் கழித்து அந்தச் சங்கதி நடந்தது. ஒன்பது மைல் தள்ளி ரயிலடிக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் கொட்டகை ஒன்று உண்டு. தோட்டங்களில் பிடித்த ஆட்களை ரயில் வரும்வரை அதில்தான் அடைத்து வைப்பார்கள். அந்தத் தடவை இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பெரட்டுக்களத்தில் எண்ணுவதற்காக வரிசையில் நின்றவர்களை நின்றபடியே லாரியில் ஏற்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சின்னக்கண்ணு அண்ணன். எங்கள் மருத்துவமனைக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தவர். நாற்பது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, இன்னைக்கு எங்க மாட்டு மேல எத்தனை கிருமி? எண்ணிச் சொல்லு, ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்கணும்" என்பார்.

கொட்டகையில் வயிற்றுப்போக்கு கண்டது. அதற்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரி ஒருநாள் எங்கள் அறைக்கு வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் கோவிந்தன் அண்ணன். பாசார்க் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையில் துணி தீர்ந்ததும் ஜப்பான் மொழி கற்றுக்கொண்டார். பூட்ஸ் சத்தம் கேட்டபோது நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு தட்டு. பயத்தில் அதை வைக்கத் தோன்றவில்லை. தட்டோடு குனிந்தேன். மண்டை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தேன். தட்டு வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்து தூளானது.

அதிகாரி அறையவில்லை. ஏதோ சொன்னார். கோவிந்தன் அண்ணன் சொன்னார்: "நிமிரச் சொல்றாரு. தரையில ஒண்ணும் இல்லையாம்."

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசை. சொன்னால் எனக்குத்தான் வசதி. ஆனால் அவர் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணில் கேட்கிற மனிதர். வாந்திபேதி பரவினால் தன் வீரர்களுக்கும் வரும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அவர் சொன்னது இதுதான்: "கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று உன் எண் சொன்னால், வேறு இடம் பார்க்கும்வரை எல்லோரையும் அவரவர் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவேன். நல்லது என்று சொன்னால் அவர்கள் வேலைக்குப் பயந்து நடிக்கிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ரயில்."

அன்றே கொட்டகைக்குப் போய் நானே கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் ஆட்கள் ஒதுங்கும் குழி. மழை பெய்தால் எங்கே வடியும் என்று கேட்கப் பரிசோதனை அறை தேவையில்லை, மூக்கு போதும். சின்னக்கண்ணு அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டிப்போய் மீசை மட்டும் மிச்சம் இருந்தது.

"தம்பி, நீதான் எண்ணப் போறியாமே?"

"ஆமாண்ணே."

"நல்லாத் தாராளமா எண்ணு. கொறைஞ்சா நம்ம மாட்டு மேல இருக்கிறதையும் சேத்துக்க."

"இருக்கிறதைத்தாண்ணே எழுத முடியும். பொய்க் கணக்கு எழுதமாட்டேன்."

சொன்னேன். கழுத்தை நிமிர்த்திச் சொன்னேன். குதிரைக்குக் குனிந்த கழுத்து அது.

அவர் தலையாட்டினார். "அதும் சரிதான்" என்றார். "இருக்கிறதே போதும் தம்பி, கெணத்தைப் பாத்தாலே தெரியுது. இருக்கிறதை மட்டும் எழுதிடு."

அறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினேன். இருபத்தைந்து தடவை ஆட்டினேன். கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்தேன். ஐயா பார்த்திருந்தால் கண்ணாடியில் கை வைத்திருக்கமாட்டார். தட்டு மூன்றுதான் இருந்தது. எதை விடுவது? கிணற்றுத் தண்ணீர், நூறில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. இவற்றில் எதை விட்டாலும் எண் போகும். வெறுந்தட்டை விட்டால் என்ன போகும்? ஒன்றுமில்லாதது போகும். ஊற்றாமல் விட்டேன். குடுவையில் மிஞ்சியதைத் துணியால் அடைத்து அலமாரியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை தட்டுகளை எடுத்தேன். மழை மூட்டம். முதல் தட்டு, கிணற்றுத் தண்ணீர் அப்படியே விட்டது: கலங்கலாக இருந்தது, எங்கள் கடற்பாசி எப்போதும் இருப்பது மாதிரி. ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டாவது: கலங்கல், கொஞ்சம் கருவாட்டுத் தூள். புள்ளி இல்லை. மூன்றாவது, பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் விட்டது: அழகழகாகத் தொண்ணூற்றாறு புள்ளிகள்.

முழுத் தண்ணீரில் ஒன்றுமில்லை, பத்தாயிரம் மடங்கு கரைத்ததில் தொண்ணூற்றாறா? சாம்பாரில் உப்பே இல்லை, சாம்பார்ச் சட்டியைக் கழுவிய தண்ணீர் கரிக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்வோம்? மூன்றாவது தட்டில்தான் தப்பு நடந்திருக்கிறது. நான் தும்மியிருப்பேன். பிப்பெட்டில் அழுக்கு இருந்திருக்கும். நான்தான் கெடுத்திருப்பேன். என்னைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அப்படி.

இன்னொரு தடவை செய்து பார்க்க இரண்டு நாள் வேண்டும். அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். கெட்டது என்று எழுதி, அவர்கள் வேறு எங்காவது சோதித்து, நல்லது என்று ஆகிவிட்டால்? கன்னத்தில் பழைய அறை சுட்டது. கொட்டகையில் இருநூறு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் கண்ணால் பார்த்தவன். அந்தக் குழியை மூக்கால் பார்த்தவன். ஆனால் என் கையில் இருந்த இரண்டு தட்டுகளில் ஒன்றுமில்லை. நோட்டில் மூன்று எண்களையும் வரிசையாக எழுதினேன்: 0, 0, 96. தொண்ணூற்றாறைக் கோடு போட்டு அடித்தேன். தாளில், கிருமி இல்லை, குடிக்க உகந்தது என்று இங்கிலீஷில் எழுதி, குனிந்து கொடுத்தேன். இந்தத் தடவை கையிலிருந்து எதுவும் விழவில்லை.

அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டு போனார். போனதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பசித்தது. அடி விழவில்லை என்று உடம்புக்குத் தெரிந்ததும் வயிறு விழித்துக்கொண்டது. அலமாரியில் குடுவை இருந்தது. கருவாட்டுச் சாறு சேர்த்த கடற்பாசி. தின்னத் தகாதது இல்லை. மூன்றாவது தட்டு கெட்ட தட்டுதானே என்று அதன் தொண்ணூற்றாறையும் கொதிதண்ணீரில் போட்டுக் கழுவித் துடைத்தேன். குடுவையைக் கொதிநீரில் வைத்து இளக்கி, அந்தத் தட்டில் ஊற்றினேன். பாசாரில் விற்கிற மாதிரித் துண்டு போட்டுத் தின்னலாம் என்று நினைப்பு.

உறையட்டும் என்று மேசையில் மற்ற இரண்டு தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மழை விட்டு வெளிச்சம் வந்தது. நான் தின்பதற்காக ஊற்றிய தட்டு வழியாக மேசை மரத்தின் ரேகை தெரிந்தது. கலங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. முதல் தட்டு வழியாக ஒன்றும் தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. ஒரே கடற்பாசி, ஒரே குடுவை; தின்ன ஊற்றியதில் கிணற்றுத் தண்ணீர் மட்டும் இல்லை. கம்பியைக் காய்ச்சி ஆறவைத்து முதல் தட்டைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். திருவிழாக் கூட்டம் மாதிரிக் கிருமிகள் தலைக்குமேல் தலையாக நின்றன. இரண்டாவது தட்டில் நான் கருவாட்டுத் தூள் என்று நினைத்ததும் தூள் இல்லை. ஆயிரக்கணக்கில் பொடிப் புள்ளிகள்.

தரை என்று நினைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறைப் பத்தாயிரத்தால் பெருக்கினேன். ஒரு மில்லிக்கு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். சின்னக்கண்ணு அண்ணன் சொன்ன மாதிரி மாட்டை உதவிக்குக் கூப்பிடத் தேவையே இல்லை.

முதல் தட்டையும் தின்பதற்கு ஊற்றிய தட்டையும் ஒரு துண்டில் கட்டி, டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிளில் ஒன்பது மைல் மிதித்தேன். வழியில் இரண்டு காவல். இரண்டிலும் இறங்கிக் குனிந்தேன். ரயிலடிக்குப் போனபோது சரக்குப் பெட்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி தூரத்தில் நின்று நோட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். கோவிந்தன் அண்ணன் என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"என்னடா இங்க?"

"அண்ணே, எண்ணு தப்பு. தண்ணி கெட்டது. ஒம்பது லட்சம். இந்தா பாருங்க, ரெண்டு தட்டையும் பக்கத்துல வச்சிப் பாத்தா தெரியும்."

அவர் தட்டுகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலையில நல்லதுன்னு கையெழுத்துப் போட்ட. இப்ப கெட்டதுங்கிற. வேணும்னே தப்பா எழுதினியான்னு கேப்பாரு. நம்பினா ரயில் நிக்கும். நம்பலன்னா உன்னையும் ஏத்திருவாரு. ரெண்டுல எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லவா? நீ சரின்னு சொல்லு, நான் போய்ச் சொல்றேன். எனக்கும் ஒதைதான், பரவால்ல."

அவர் கேட்டார். இதை நான் மறைக்க முடியாது. அந்தத் துணிக்கடைக்காரர் தயாராக இருந்தார்.

"வேணாம்ணே" என்றேன்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் செய்த வேடிக்கைகளில் இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

கடைசிப் பெட்டியின் வாசலில் சின்னக்கண்ணு அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அட! வழியனுப்ப வந்தியா தம்பி? இத்தனை பேருக்கு நீ ஒருத்தன்தாண்டா வந்திருக்க." பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம ஆஸ்பத்திரித் தம்பி. கிருமிக்கெல்லாம் பெரட்டு எடுக்கிறவன்" என்றார்.

"ஆமாண்ணே. வழியனுப்பத்தான்" என்றேன்.

"கெணறு நல்லாருக்காமே. நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல. இருக்கிறதைத்தானே எழுதுவ நீ. அப்ப வயித்துக்கு வேற ஏதோ ஆகல." துண்டைப் பார்த்தார். "என்ன தம்பி அது? திங்க ஏதாச்சும் கொண்டாந்தியா?"

துண்டை அவிழ்த்தேன். அவர் கை வெள்ளைத் தட்டுப் பக்கம் போனது.

"அது வேணாம்ணே! அது கெட்டது."

மற்ற தட்டைக் கொடுத்தேன். விரலால் வழித்துப் பாதியைத் தான் தின்றார், பாதியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். ஒரு வாரமாக அவர் வயிற்றுக்குள் போனதில் சுத்தமானது அது ஒன்றுதான். தட்டை வேட்டியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உப்பு பத்தல தம்பி" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

மறுவாரம் அதே கொட்டகையில் அடுத்த கூட்டம் வந்தது. வழக்கமான சோதனை என்று சொல்லி நானே கேட்டுப் போய்த் தண்ணீர் எடுத்தேன். இருந்த மூன்று தட்டுகளில் ஒன்றை வெறுந்தட்டாக ஊற்றினேன். ஒன்பது லட்சத்துக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். அன்று சாயங்காலமே கிணற்றை மூடி, அத்தனை பேரையும் அவரவர் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பினார். எனக்கு ஒரு கட்டி, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அரிசி கொடுத்தனுப்பினார். எண் சொன்னால் கேட்கிற மனிதர் என்று சொன்னேன் அல்லவா?

அரிசியை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். தின்றேன்.

சண்டை முடிந்து குமாரவேலு ஐயா திரும்பி வந்தார். பாதி எடை. கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. வந்த மூன்றாம் நாள் அறைக்கு வந்து என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நின்றார். 0, 0, கோடு போட்ட 96. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நாலாவது தட்டு எங்க?"

"ஒடைஞ்சிருச்சு ஐயா."

"எப்படி?"

"குனியும்போது."

அவர் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்தார். அங்கே சயாமில் அந்தக் கொட்டகை ஆட்கள் யாரையாவது பார்த்தீர்களா, மீசை வைத்த தண்ணீர்வண்டிக்காரர் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதன்பிறகு அவர் இருந்த நான்கு வருடங்களும் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று தட்டு எண்ணினோம். சின்னக்கண்ணு அண்ணன் திரும்பவில்லை. மாட்டை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசி நாளன்று, விருந்துக்கு முன்பு, வழக்கம்போல ஒரு வெறுந்தட்டு ஊற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். இரண்டு நாள் கழித்து லதா போன் செய்தாள்.

"சார், உங்க தட்டு. ஒண்ணுமே இல்ல. தூக்கிப் போட்டுறவா?"

"மத்த தட்டெல்லாம் எண்ணி முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல சார். இனிமேதான்."

"அப்ப அதை ஏம்மா இப்பவே போடற" என்றேன். "பக்கத்துல வச்சிக்க."